எலி இல்லாத கிடங்கு

இப்போதெல்லாம் வீட்டில் கரப்பான் ஓடினால் யாரும் செருப்பை எடுப்பதில்லை. போனை எடுக்கிறார்கள். படம் பிடித்து எனக்கு அனுப்பி, "சார், இது ஆபத்தானதா?" என்று கேட்கிறார்கள். நான் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அது அடுப்புக்கு அடியில் போய்க் குடும்பம் நடத்த ஆரம்பித்திருக்கும். குனிந்து பார்க்க யாருக்கும் இடுப்பு வளைவதில்லை. வேறு ஒருத்தன் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். காகிதத்தை நம்புகிறார்கள். எதிரே நிற்கிற ஆளை நம்புவதில்லை. நானும் யாரையும் நம்புகிறவன் இல்லை, ஆனால் நான் குனிந்து பார்த்துவிட்டு நம்பாதவன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டேன். முப்பத்து நாலு வருஷம் எலிக்கும் கரப்பானுக்கும் மருந்து வைத்தேன். அதை விட்ட பிறகு மனுஷர்களைத் துப்பறிகிறேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. தப்புச் செய்த மனுஷனும் சுவர் ஓரமாகத்தான் போவான்.

இத்தனை வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு நான் நம்பியது ஒரே ஒருத்தனை. அவன் நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பமாட்டான். 'பூனை' என்றால்தான் திரும்புவான். என்னைவிட ஆறு வயது சின்னவன். இருபது வருஷம் என்னோடு விஷ டப்பா தூக்கினவன். அவனுக்கு வலது கட்டை விரலில் நுனி கிடையாது. என் கை போக வேண்டிய பொறியில் அவன் கை போனது. அதற்கப்புறம் அவனைச் சந்தேகப்பட எனக்கு மனசு வந்ததில்லை.

அந்தப் பூனைதான் காலையில் போன் செய்தான்.

"அண்ணே, ஒரு கையெழுத்து வேணும்."

"நீயுமாடா?"

விஷயம் இதுதான். பூனை இப்போது ஒரு மாவுக் கம்பெனியின் கிடங்குக்குப் பொறுப்பாளன். குழந்தைகளுக்குப் பாலில் கலக்கிக் கொடுக்கிற மாவு. வேலைக்குப் போகிறவர்கள் பகலில் பிள்ளைகளை விட்டுப் போகிற ஒரு குழந்தைகள் காப்பகம் அதை வாங்குகிறது. அங்கே பதினொரு பிள்ளைகளுக்கு வயிற்று வலி. சோதித்துப் பார்த்ததில் குடலில் நாடாப்புழு. அதுவும் எலியின் குடலில் இருக்க வேண்டிய ஜாதி. காப்பகத்துச் சமையல்காரம்மாவின் மாவு டப்பாவில் வண்டு கிடந்திருக்கிறது. அடுக்களை அசுத்தம், எங்கள் மாவு சுத்தம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அந்த அம்மாவை ஒன்பது நாளாக வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். இன்று நாலு மணிக்குச் சுகாதார அதிகாரி கிடங்குக்கு வருகிறார். இங்கே எலி இல்லை என்று விஷயம் தெரிந்த ஆள் எழுதிக் கொடுத்துவிட்டால் பழி மொத்தமும் அந்த அம்மா தலையில் இறங்கும். வேலை போகும். போலீஸ் கேஸும் உண்டு.

"எலி இருந்தா இருக்குன்னுதான் எழுதுவேன்" என்றேன்.

"அதுக்குத்தானே அண்ணே உங்களைக் கூப்பிடுறேன்."

என் மருமகள் ஸ்கூட்டரை எடுத்தாள். என் கண்ணை நம்பி என்னை வண்டி ஓட்டவிட மாட்டாள். மகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன், அதனால் என்னைச் சுமக்கிற வேலை இவளுக்கு. மீதி நேரம் ரத்தமும் மலமும் சோதிக்கிற ஒரு லேபில் வேலை.

"மாமா, அந்தப் பிள்ளைங்க சாம்பிளைப் பார்த்ததே நான்தான். புழு முட்டையைக் கண்டுபிடிச்சதும் நான்தான்."

"இதுல என்னம்மா பெருமை?"

"நாள் முழுக்க அதைப் பார்த்துட்டு, வீட்டுக்கு வந்து உங்க முகத்தைப் பார்க்கிறேன். எனக்குன்னு ஒரு பெருமை வேண்டாமா?"

பத்து மணிக்குக் கிடங்கில் இருந்தோம். நீளமான தகரக் கூரைக் கட்டிடம். மூட்டைகளை மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கியிருந்தான். நான் சொல்லிக் கொடுத்த அளவு. சுவர் ஓரமெல்லாம் முகப் பவுடர் தூவியிருந்தது. எலி நடந்தால் தடம் விழும், அதற்காக. அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

டார்ச்சை வைத்துக்கொண்டு முட்டி போட்டே ஒரு சுற்று வந்தேன். புழுக்கை இல்லை. மூட்டையில் கடி இல்லை. பவுடரில் ஒரு கால் தடம் இல்லை. எலி ஒரே வழியில் போய் வருகிற ஜந்து. அதன் உடம்பு உரசி உரசிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு கறுப்புக் கோடு விழும். அந்தக் கோடும் இல்லை. சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு வாசனைகூட இன்னும் போகவில்லை.

வேறு ஒருத்தன் கிடங்காக இருந்தால் அந்த வாசனைக்கே நகத்தால் சுவரைச் சுரண்டியிருப்பேன். இது பூனையின் கிடங்கு. 'சுத்தமா வெச்சிருக்கான் பய' என்று நினைத்துக்கொண்டேன்.

மருமகள் ஒரு மூட்டைக்கு அடியில் கையை விட்டுக் கூட்டிப் பார்த்தாள். சிவப்பும் பழுப்புமாகச் சின்னச் சின்ன மாவு வண்டுகள், எள்ளளவு. பத்துப் பதினைந்தை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மூடினாள்.

"அது எதுக்கும்மா? வண்டு எந்த மாவுலதான் இல்லை?" என்றேன்.

"வளர்க்கப் போறேன் மாமா. வீட்டுல நான் சொல்றதைக் கேட்க ஒரு ஜீவனாவது வேணும்."

பூனை சிரித்தான். அவளைத் தடுக்கவில்லை, இன்னும் நன்றாக எடுக்கட்டும் என்பதுபோல மூட்டையைக்கூடக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தான்.

நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பூனை ஓடிப்போய் எழுதுகிற அட்டையைக் கொண்டுவந்து நீட்டினான். 'இந்தக் கிடங்கில் எலி' என்று மூன்று வார்த்தை எழுதியிருப்பேன்.

"மாமா, அந்த அம்மா அடுக்களையைப் பார்க்காமலேயா எழுதுறீங்க?"

"இங்கே இல்லைன்னு எழுதுறதுக்கு அங்கே எதுக்குப் போகணும்?"

"ஒரு தராசுத் தட்டை மட்டும் பார்த்துட்டு எடை சொல்வீங்களா?"

பேனாவை மூடினேன். அவள் சொன்னது சரி என்பதற்காக இல்லை. மூடாவிட்டால் வீடு போய்ச் சேரும்வரை பேசுவாள்.

காப்பகத்து அடுக்களை பத்தடிக்குப் பத்தடி. சமையல்காரம்மாவை வரச் சொல்லியிருந்தார்கள். வாசலிலேயே, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"வாங்க ஐயா. நீங்க எத்தனையாவது ஆளு தெரியுமா? ஆறாவது. என் மூக்கு, நாக்கு, நகம் எல்லாம் பார்த்தாச்சு. நீங்க எதைப் பார்க்கணும்?"

"ஜன்னலைம்மா" என்றேன்.

ஜன்னல் கட்டையில் ஒரு துணி சோப்புத் துண்டும் பாதி எரிந்த இரண்டு மெழுகுவர்த்தியும் கிடந்தன. மெழுகுவர்த்தி மேல் விரலை வைத்தேன். கனமான தூசி. மாதக்கணக்காக யாரும் தொடவில்லை. எலி வந்து போகிற வீட்டில் சோப்பும் மெழுகும் மிஞ்சாது. எலிக்கு அது மிட்டாய் மாதிரி. இதில் ஒரு பல் தடம்கூட இல்லை. சுவரும் பழைய சுவர், வெள்ளை பார்த்து வருஷங்கள் ஆன சுவர். அதிலும் கறுப்புக் கோடு இல்லை. இங்கே எலி வந்ததே கிடையாது.

"மாவைக் கொதிக்க வைப்பீங்களாம்மா?" என்று மருமகள் கேட்டாள். "கொதிச்சா எந்தப் புழுவும் செத்துடும்."

"பாக்கெட்ல என்ன போட்டிருக்கு படிங்க. 'வெதுவெதுப்பான பாலில் கலக்கவும், கொதிக்க வைக்க வேண்டாம்.' படிச்சதைச் செஞ்சேன். படிக்காதவளா இருந்திருந்தா கொதிக்க வெச்சிருப்பேன், பிள்ளைங்க நல்லா இருந்திருக்கும்." அந்த அம்மா பாக்கெட்டை மருமகள் கையில் திணித்தார். "வண்டு வந்ததுமே கிடங்குக்குப் போன் பண்ணேன். ஒருத்தர் ரொம்ப மரியாதையா பேசினாரு. மாத்தித் தரேன்மா, பெருசு பண்ணாதீங்கன்னாரு. அடுத்த வாரம் வண்டு என் டப்பாவுல பொறந்ததுன்னு சொல்லிட்டாங்க."

வெளியே வந்ததும் மருமகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இங்கேயும் எலி இல்லை, அங்கேயும் எலி இல்லை. அப்போ எலிப் புழு பஸ்ல வந்துச்சா மாமா?"

"ரெண்டுல ஒரு இடம் பொய் சொல்லுது" என்றேன்.

"எந்த இடம்?"

நான் போய் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டேன். தெரியாமல் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேபில் ஆள் இல்லை. மருமகள் ஒரு வண்டைக் கண்ணாடித் துண்டில் வைத்து ஊசியால் பிரித்தாள். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, பூண்டு உரிக்கிற மாதிரிதான். மூன்றாவது வண்டில் "ஹா" என்றாள். மைக்ராஸ்கோப்பில் என் கண்ணை வைக்கச் சொன்னாள். முதலில் என் இமை முடிதான் தெரிந்தது. அப்புறம், கண்ணாடி மாதிரி ஒரு குட்டி உருண்டை. அதற்கு ஒரு வால்.

"இது என்னம்மா?"

"அதுதான் புழு. குழந்தைப் பருவத்துல. எலிப் புழுக்கையில இதோட முட்டை இருக்கும். வண்டு அதைத் தின்னும். முட்டை வண்டுக்குள்ள பொரிஞ்சு, இப்படிச் சுருண்டு உட்கார்ந்துக்கும். அந்த வண்டை எலி தின்னா எலிக்குள்ள முழுசா வளரும். பிள்ளை பாலோட முழுங்கினா பிள்ளைக்குள்ள வளரும்."

"பூச்சிக்குள்ளயும் குடியிருக்கும், பால் குடிக்கிற ஜாதிக்குள்ளயும் குடியிருக்குமா?"

"ரெண்டு இடமும் வேணும் மாமா. வண்டு அதுக்கு வாடகை வீடு. எலிதான் சொந்த வீடு. பிள்ளைங்க வயிறு விலாசம் மாறிப் போன வீடு." அடுத்த வண்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள். "வண்டுக்குள்ள இது தயாராகவே ரெண்டு வாரம். பிள்ளைக்குள்ள போய் வளர்ந்து முட்டை போட இன்னும் மூணு வாரம். நீங்க இன்னிக்குக் கிடங்குல எலி தேடினது இருக்கே, ரயில் போனதுக்கப்புறம் தண்டவாளத்துல காதை வெச்ச மாதிரி."

பத்து வண்டைப் பிரித்ததில் மூன்றில் அந்த வால் வைத்த உருண்டை இருந்தது. கிடங்கு வண்டு. காப்பகத்து வாசலைக்கூடப் பார்க்காத வண்டு. அது எலிப் புழுக்கை தின்றிருக்கிறது. எலியை விரட்டலாம், தடத்தை அழிக்கலாம். எலி போட்டதைத் தின்றுவிட்டு மூட்டைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவன் வாயை மூட முடியாது. முப்பத்து நாலு வருஷமாக 'வண்டு என்ன பண்ணும்' என்று ஒதுக்கித் தள்ளினவன் நான். எலிக்காரன் புத்தி எலியோடு நின்றுவிட்டது.

"பூனைக்குத் தெரியாம இருந்திருக்கும்" என்றேன். "மேனேஜர் ஏதாவது மறைச்சிருப்பான்."

"ராத்திரியும் பகலும் கிடங்குல இருக்கிறவருக்கு, இருபது வருஷம் எலி பிடிச்சவருக்கு, எலி ஓடினது தெரியாது. சரி மாமா. நான் நம்புறேன். நீங்க நம்புறீங்களா?"

மூன்று மணிக்கு மறுபடி கிடங்கு. பூனை ஏதோ கேட்க வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, பின்சுவர் பக்கம் போய் மூட்டையைத் தள்ளச் சொன்னேன். இரண்டு ஆட்கள் தள்ளினார்கள். பவுடரைக் காலால் தேய்த்துவிட்டு, தரையும் சுவரும் சேர்கிற இடத்தில் சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினேன்.

கீழே ஈரம் காயாத சிமெண்டு. குத்தினால் உள்ளே பாத்திரம் தேய்க்கிற கம்பி நார், கூடவே கண்ணாடித் தூள். எலி வளையை அடைக்கிற முறை. கம்பி நார் தரை ஈரத்தில் ஒரு மாதம் இருந்தால் துருப்பிடித்துச் சிவந்துவிடும். இது புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. அடைத்து ஒரு வாரம்கூட இருக்காது.

அதுகூடப் பரவாயில்லை. அடைப்பின் மேல், கட்டை விரலால் குறுக்கே ஒரு இழுப்பு இருந்தது.

அது எங்கள் வழக்கம். வளையை அடைத்ததும் ஈர சிமெண்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுப்போம். மறுபடி எலி தோண்டினால் கோடு கலைந்திருக்கும், தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். வேறு யாரும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. என் கோடு நீளமாக, முனையில் கூராக முடியும். இந்தக் கோடு மொட்டையாக முடிந்தது. நுனி இல்லாத விரல்.

அடுத்ததைச் சுரண்டினேன். மொட்டை. அடுத்தது. மொட்டை. மொத்தம் பதினாலு வளை.

ஆட்களை வெளியே போகச் சொன்னேன். பூனை அங்கேயே, ஒரு மூட்டையில் சாய்ந்தபடி நின்றான். ஓடவில்லை. ஓடியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

"எத்தனை நாளா எலி?"

"மூணு மாசம் அண்ணே. பின்னாடி சாக்கடையை உடைச்சாங்க, அப்போ வந்துச்சு. மேனேஜர்கிட்ட சொன்னேன். சரக்கை நிறுத்த முடியாது, வாயை மூடிட்டு இருன்னான்."

"மூடிட்டே."

"மூடிட்டேன்."

"அந்த அம்மா போன் பண்ணப்போ மரியாதையா பேசினது?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"பிள்ளைங்க விஷயம் தெரிஞ்சதும் வளையை அடைச்சே. வெள்ளை அடிச்சே. பவுடர் தூவினே. எல்லாத்தையும் நான் எப்படிப் பார்ப்பேன்னு தெரிஞ்சு, நான் பார்க்கிற இடத்துல வெச்சே. நான் சொல்லிக் கொடுத்த வித்தையை என் கண்ணுலயே தூவினே. ஊர்ல எத்தனை எலிக்காரன் இருக்கான்? ஏன்டா என்னைக் கூப்பிட்டே?"

"அண்ணே..."

"என்னைத்தவிர எவனா இருந்தாலும் சுவரைச் சுரண்டிப் பார்த்திருப்பான். நான் ஒருத்தன்தான் பார்க்க மாட்டேன். அதனாலதானே?"

பூனை அதற்குப் பதில் சொல்வதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

சுகாதார அதிகாரி சின்ன வயதுப் பெண். பின்னால் சமையல்காரம்மா, எதற்கும் தயார் என்கிற மாதிரி கையில் ஒரு பை. போலீஸ் உள்ளே தள்ளினால் மாற்றிக் கட்ட இரண்டு புடவை இருந்திருக்கும். நான் அட்டையை வாங்கி, காலையில் எழுதின மூன்று வார்த்தைக்குப் பக்கத்தில் மீதியை எழுதினேன். 'இந்தக் கிடங்கில் எலி இருந்தது. பதினாலு வளை. இந்த வாரம் அடைத்து வெள்ளை அடித்திருக்கிறார்கள். இங்கே உள்ள வண்டில் அந்தப் புழு இருக்கிறது. காப்பகத்து அடுக்களையில் எலி வந்ததே இல்லை.' எழுத்துப் பிழை இருந்திருக்கும். அதிகாரி இரண்டு தடவை படித்தார். மருமகளின் கண்ணாடித் துண்டுகளை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டார். பின்சுவருக்குப் போய்த் தானே குனிந்து பார்த்தார். குனிந்து பார்த்ததால் அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

"கிடங்குக்கு சீல் வைக்கிறேன்" என்றார். "அம்மா, நீங்க நாளைக்கு வேலைக்குப் போகலாம். நானே காப்பகத்துக்கு எழுதித் தரேன்."

சமையல்காரம்மா நன்றி சொல்லவில்லை. பூனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்ல பேசின குரல் நீங்கதானே? மருந்து ஒரு வேளை கொடுத்தா புழு போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு. பிள்ளைங்க மறந்துடும். பெத்தவங்க? இவ கையால சாப்பிட்டுத்தான்னு நினைச்சுட்டே என்னைப் பார்ப்பாங்களே, அதுக்கு என்ன மருந்து இருக்கு?"

அந்த அம்மா பையை இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

நான் வாசலைத் தாண்டும்போது பூனை பின்னாலேயே வந்தான்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் கேளுங்க. வண்டுக்கும் மருந்து அடின்னு மேனேஜர் சொன்னான். நான் அடிக்கலை. ஏன் அடிக்கலை? வளை அடைச்சதுல விரலால இழுத்து வெச்சேன். ஏன் வெச்சேன்? என்னால வாயால சொல்ல முடியலை அண்ணே. எனக்கு வயசு அறுபத்தி மூணு, இதைவிட்டா வேற வேலை கிடையாது. நீங்க வந்தா கண்டுபிடிச்சுடுவீங்க, நான் சொல்லாமலே வெளிய வந்துடும்னுதான் உங்களைக் கூப்பிட்டேன். நான் உங்களை ஏமாத்தலை. உங்களை நம்பினேன்."

அவன் கண்ணில் தண்ணீர் இருந்தது.

"காலையில நான் பேனாவை எடுத்தேன். நீ அட்டையை நீட்டினே" என்றேன். "நான் எழுத ஆரம்பிச்சேன். 'வேண்டாம்ணே'ன்னு ஒரு வார்த்தை. உன் வாயிலிருந்து வரலை. நிறுத்தினது இவ."

"சொல்ல வந்தேன் அண்ணே, அதுக்குள்ள..."

"விரல் கோடு பழக்கத்துல விழுந்தது. வண்டை நீயும் என்னை மாதிரி ஒரு பொருட்டா நினைக்கலை. அவ்வளவுதான்."

"இல்லைண்ணே. சத்தியமா இல்லை."

மருமகள் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றாள். குரலைத் தாழ்த்தி, "மாமா, நான் வண்டு எடுக்கறப்போ மூட்டையை நகர்த்திக் கொடுத்தாரு, கவனிச்சீங்களா? ஒருவேளை அவர் சொல்றது நிஜமா இருந்தா?" என்றாள். முதல் தடவையாக அவள் பேச்சில் கிண்டல் இல்லை.

"நிஜமா இருந்தா அந்த அம்மா எதுக்கு ஒன்பது நாள் வீட்டுல உட்கார்ந்தாங்க? என்னைக் கூப்பிட அவனுக்கு முதல் நாளே போன் இல்லையா?"

"பயம் மாமா. மனுஷன்தானே."

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. நீ வண்டியை எடுத்துட்டுப் போ, நான் நடந்து வரேன்."

"நாலு கிலோமீட்டர் இருக்கு."

"தெரியும்."

நடந்தேன். பின்னால் "அண்ணே" என்றான். இன்னொரு தடவையும் சொன்னான், குரல் அடைத்துக்கொண்டு. நிஜமான அழுகை அப்படித்தான் இருக்கும். நன்றாக அழத் தெரிந்தவன் அழுகையும் அப்படித்தான் இருக்கும். தெரு முனைவரை அந்த இரண்டில் எது என்று யோசித்துப் பார்த்தேன். முடிவுக்கு வரவில்லை. இடது பக்கம் திரும்பி நடந்துகொண்டே இருந்தேன்.